கருத்தரங்கில் தத்துவக் கட்டுரை வாசிக்கப் போகும் நம் ஊர் மாணவர்களுக்கு

அழைப்பிதழில் தொடக்க விழா காலை பத்து மணி என்று இருக்கும். குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை ஆற்றி, மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, கருத்தரங்க மலரை வெளியிட்டு, சிறப்புரையும் முடிவதற்குள் மணி பன்னிரண்டரை ஆகிவிடும். அப்புறம் தேநீர். சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் அமர்வையாவது முடித்தாக வேண்டுமே என்று அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். உங்களுக்குச் சொல்லியிருந்த பதினைந்து நிமிடம் ஆறு நிமிடமாகச் சுருங்கும்.

முதுகலை படிக்கும்போது நான் முதன்முதலில் கட்டுரை வாசித்த அன்று இதுதான் நடந்தது. பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் மணி அடித்துவிட்டார்கள். நான் சொல்ல வந்த கருத்து ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நான் எதைச் சொல்ல வந்தேன் என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

இப்போது நானே மாணவர்களை அனுப்பி வைக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் தத்துவத்துக்கென்று தனித்துறை வைத்திருக்கும் கல்லூரி அரிது. இங்கிருந்து தத்துவக் கட்டுரையோடு போகிறவர்களில் நான் பார்த்தவரை தமிழ், ஆங்கிலம், வரலாறு படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். தத்துவக் கட்டுரை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு குற்றச்சாட்டைத் தேடுங்கள்

‘திருக்குறளில் அறம்’, ‘சைவ சித்தாந்தம் ஓர் அறிமுகம்’, ‘சமணமும் அகிம்சையும்’. தலைப்புக் கேட்டால் முதலில் வருவது இப்படித்தான். இவை ஒவ்வொன்றும் ஒரு தடித்த புத்தகத்துக்கான தலைப்பு; ஆறு நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. இலக்கியக் கட்டுரையில் மேற்கோள்களைத் திரட்டி வகைப்படுத்திக் காட்டினால் ஓரளவு வேலை முடிந்துவிடும். தத்துவத்தில் அது தொடக்கம்கூட இல்லை. யாரோ ஒருவர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அது சரியா தவறா, ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நம் ஊரில் படித்த ஒருவரையே பார்ப்போம். 1888இல் திருத்தணியில் பிறந்து, வாலாஜாபேட்டையில் பள்ளிக்கூடம் போய், வேலூர் ஊரீசுக் கல்லூரியில் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரி வகுப்பு) படித்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அப்புறம்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். தத்துவத்தை அவர் விரும்பித் தேர்ந்தெடுக்கவும் இல்லை. கையில் காசில்லாத மாணவர். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார், பாடம் முடிவாகிவிட்டது. 1908இல், இருபது வயதில், முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமே இல்லை என்று அப்போது ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அதற்குப் பதிலாகத்தான் அதை எழுதினார். கிறித்தவ மிஷனரியான தன் பேராசிரியர் ஹாக் மனம் வருந்துவாரோ என்ற பயமும் அவருக்கு இருந்திருக்கிறது. பேராசிரியரோ பாராட்டினார்.

ஒரு குற்றச்சாட்டு, அதற்கு ஒரு பதில். நீங்கள் செய்ய வேண்டியதும் இதேதான், சிறிய அளவில். தமிழுக்கு இது புதிதும் இல்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அடுத்தவர் கொள்கையை முதலில் எடுத்துவைத்து மறுத்துவிட்டு, அதன் பிறகே தன் கொள்கைக்கு வருகிறார் ஆசிரியர்.

எங்கே குற்றச்சாட்டைத் தேடுவது என்று கேட்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு மாணவிக்குச் சமணத்தில் ஆர்வம். ஊர் அப்படி. பொன்னை பக்கம் வள்ளிமலைக் குகையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள், ஆர்க்காட்டுக்கு அருகே பஞ்சபாண்டவர் மலை, போளூர்ப் பக்கம் திருமலை என்று நம்மைச் சுற்றிலும் சமணத் தடங்கள்தான். ‘சமணத் தத்துவம்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். ‘சரிம்மா, சமணத்தில் எந்தக் கொள்கை?’ என்றேன். ‘அநேகாந்தவாதம் சார். எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு, ஒவ்வொரு கூற்றையும் ஒருவகையில் என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிறார்கள்.’ ‘அதை யார் எதிர்க்கிறார்கள்?’ அதற்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தாள். ‘எல்லாரும் சொல்வது சரி என்று இவர்கள் சொல்கிறார்கள், அப்படியானால் எதையுமே தவறு என்று சொல்ல முடியாதே என்று விமர்சிக்கிறார்கள் சார்.’ கட்டுரை அந்த இடத்தில் பிறந்துவிட்டது. மிச்சமெல்லாம் உழைப்பு.

அவளுக்கு விடையைக் காட்டியது பாலாறு. பாலாற்றில் தண்ணீர் இருக்கிறதா? கோடையில் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டினால் இருக்கிறது. மேலே பார்க்கும் வகையில் இல்லை, அடியில் பார்க்கும் வகையில் உண்டு, இரண்டும் உண்மை. ஆனால் அதே நாளில் ஒருவர் வந்து, ‘மேலே பார்க்கும் வகையில் கரைபுரண்டு ஓடுகிறது’ என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவரும் ‘வகையில்’ என்று சேர்த்துத்தான் சொன்னார், இருந்தும் பொய். ஆகவே ‘ஒருவகையில்’ என்பது எல்லாவற்றையும் உண்மையாக்கிவிடும் மந்திரச் சொல் ஆகாது. ஒரு கூற்று எந்த நிலையில் பொருந்தும் என்று அது எல்லை கட்டுகிறது; எல்லை கட்டினால்தான் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியும்.

வேறு யாரும் இதைச் சொன்னதே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாணவர் கட்டுரைக்கு அந்தக் கவலை தேவையும் இல்லை. சொல்வது உங்கள் சொந்த வாதமாக, உங்கள் சொந்த எடுத்துக்காட்டோடு நின்றால் போதும்.

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை

மணிமேகலையின் 29ஆம் காதையைத் தேர்வுக்கு என்று படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். திரும்ப எடுங்கள், மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாதம் செய்வது எப்படி என்பதற்கான பாடம் அதில் இருக்கிறது. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் பார்த்ததுபோல. உங்கள் கட்டுரை முழுவதையும் இப்படி மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது தகவல்கள்தான், வாதம் இன்னும் வரவில்லை.

போலிகளையும் அங்கே பட்டியலிட்டிருக்கிறார்கள். தெரிவது பனியா, ஆவியா, புகையா என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டு என்று துணிவது அதில் ஒன்று. மார்கழிக் காலையில் ஏலகிரியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மாணவர் கட்டுரைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழையும் இதே சாதிதான். ‘வள்ளுவர் இன்ன சமயத்தவர், ஆகவே இந்தக் குறளுக்கு இதுதான் பொருள்’ என்று எழுதுவார்கள். முதல் பாதியே இன்னும் தீராத வழக்கு. அதன் மேல் எப்படி வீடு கட்டுவது?

ஆய்வுச் சுருக்கம்

அனுப்பச் சொல்வது வழக்கமாக இருநூறு, முந்நூறு சொல். இதை வைத்துத்தான் உங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஆனாலும் நம் பிள்ளைகள் ‘உலகில் தோன்றிய தத்துவங்களுள் தொன்மையானது’ என்று ஆரம்பித்து, பாதி இடத்தை அதற்கே கொடுத்துவிடுவார்கள். அந்த மாணவியின் சுருக்கம் கடைசியில் வந்து நின்ற வடிவம் ஏறக்குறைய இது:

‘ஒவ்வொரு கூற்றையும் ஒருவகையில் உண்மை என ஏற்பதால் சமணரின் அநேகாந்தவாதம் எதையும் மறுக்க இயலாத கொள்கை என்று விமர்சிக்கப்படுகிறது. அந்த விமர்சனம் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம். “ஒருவகையில்” என்னும் அடை ஒரு கூற்றைத் தளர்த்துவதில்லை. அது பொருந்தும் நிலையை வரையறுக்கிறது. வரையறுத்த கூற்று பொய்யாகவும் கூடும். அப்படியானால் அநேகாந்தவாதமும் ஒருவகையில் மட்டும்தான் உண்மையா என்ற எதிர்க்கேள்வியைக் கட்டுரையின் இறுதிப் பகுதி எடுத்துக்கொள்கிறது.’

எதிராளி சொல்வது, நான் சொல்வது, ஏன், என் மேல் வரக்கூடிய அடி. நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வாக்கியத்தை எழுதப் பலருக்குத் தயக்கம். நம் பலவீனத்தை நாமே காட்டிக்கொடுப்பதா என்று. தத்துவம் படித்தவர்கள் சுருக்கத்தில் முதலில் தேடுவது அதைத்தான்.

எங்கே அனுப்புவது

வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு நாலு அழைப்பிதழ் வரும். கலை, அறிவியல், வணிகம், மேலாண்மை, யோகா எல்லாவற்றுக்கும் ஒரே பன்னாட்டுக் கருத்தரங்கம் என்று இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். அனுப்பிய ஒரு மணி நேரத்தில் ‘தங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது, கட்டணம் செலுத்தவும்’ என்று பதில் வந்தால் அதை யாரும் படிக்கவில்லை என்று பொருள். ‘நேரில் வர வேண்டாம், சான்றிதழும் ஐ.எஸ்.பி.என். எண்ணுள்ள நூலும் கூரியரில் வரும்’ என்பது கடைதான், கருத்தரங்கம் இல்லை. யூ.ஜி.சி. கேர் பட்டியல் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல்) இதழில் வெளியிடுவோம் என்று இன்னும் யாராவது ஆசை காட்டினால், 2025 பிப்ரவரியிலேயே அந்தப் பட்டியலை யூ.ஜி.சி. கைவிட்டுவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

நல்ல கருத்தரங்கை அடையாளம் காண்பதும் கஷ்டம் இல்லை. கருப்பொருள் குறுகலாக இருக்கும். அமர்வுத் தலைவர்கள் யார் என்று தெரியும். தத்துவத் துறை உள்ள இடங்களின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள்: சென்னைப் பல்கலைக்கழகம், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி போன்றவை. இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகம் என்று ஒன்றிய அரசின் அமைப்பு 1977 முதல் இருக்கிறது, ஐ.சி.பி.ஆர். என்பார்கள், அது நிதி கொடுக்கும் கருத்தரங்குகளில் பெரும்பாலும் பேச்சு தரமாக இருக்கும். இந்தியத் தத்துவப் பேராயம் இன்னும் பழையது, 1925இல் கல்கத்தாவில் தாகூர் தலைமையில் தொடங்கியது. ஆனால் முதல் மேடைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். காட்பாடியிலோ சேர்க்காட்டிலோ திருப்பத்தூரிலோ ஒரு துறைக் கருத்தரங்கில் ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டுப் போனால் கை நடுக்கம் பாதி குறையும்.

தேதி முடிவானதும் துறைத்தலைவரிடம் ஓ.டி.க்கு (கல்லூரி வேலையாகப் போனதாக வருகையில் சேர்க்கும் அனுமதிக்கு) எழுதிக் கொடுத்துவிடுங்கள். வந்த பிறகு கேட்டால் வருகைப்பதிவில் சிக்கல்தான்.

மூன்று நீளத்தில் ஒரே கட்டுரை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். ஒரே கட்டுரையைப் பதினைந்து நிமிடத்துக்கும், எட்டு நிமிடத்துக்கும், மூன்று நிமிடத்துக்கும் தனித்தனியாகத் தயார் செய்யுங்கள். பதினைந்து நிமிடக் கட்டுரையை வேகமாக வாசித்தால் எட்டு நிமிடம் ஆகிவிடாது. கேட்பவர்களுக்கு மழை பெய்வதுபோல் இருக்கும்.

தமிழில் நிதானமாக வாசித்தால் எனக்கு நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொல் வருகிறது. தமிழ்ச் சொல் நீளம். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்பதும் ஒரு சொல்தான். ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் சொல்லும் கணக்கு நமக்கு ஒத்துவராது. நீங்களே செல்போனில் பதிவு செய்து ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். என் கணக்கில் பதினைந்து நிமிடத்துக்கு ஆயிரத்து முந்நூறு சொல்லுக்கு மேல் போனால் ஆபத்து.

முதல் வாக்கியமே உங்கள் வாதமாக இருக்கட்டும். ‘அவைத்தலைவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்’ என்ற ஒரு வரி போதும். மேடையில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் பட்டத்தோடு சொல்லும் வழக்கத்தைத் தொடக்க விழாக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள். அடுத்த மூச்சில், ‘அநேகாந்தவாதத்தை வைத்துக்கொண்டு எதையும் மறுக்க முடியாது என்கிறார்கள். மறுக்க முடியும் என்று காட்டப்போகிறேன்’. இவ்வளவு சொன்ன பிறகு மணி அடித்தாலும் நஷ்டம் இல்லை, சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று.

வாசிப்பதா, பேசுவதா என்று ஒரு சண்டை உண்டு. தத்துவத்தில் எழுதியதை வாசிப்பது குற்றமே இல்லை. ஒரு சொல் மாறினால் வாதமே மாறிவிடும், அதனால் பெரிய அறிஞர்களும் வாசிக்கிறார்கள். ஆனால் வாசிப்பதற்கென்றே எழுத வேண்டும். வாக்கியத்தைச் சின்னதாக உடையுங்கள். எடுத்துக்காட்டு வரும் இடத்தில் மட்டும் தாளிலிருந்து தலையைத் தூக்கிச் சொல்லுங்கள். பாலாற்றைப் பற்றிச் சொல்ல யாருக்காவது தாள் வேண்டுமா?

பவர்பாயிண்ட் கட்டாயம் இல்லை. வைத்தால் நாலு படம் போதும்: குற்றச்சாட்டு, வாதம், மேற்கோள், மறுப்பு. இதைவிட முக்கியம் எழுத்துரு. என் நண்பன் ஒருவன் பாமினியில் தட்டச்சு செய்து பென்டிரைவில் கொண்டுபோனான். அங்கிருந்த கணினியில் அந்த எழுத்துரு இல்லை. திரையில் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து ஏதோ ரகசியச் செய்திபோல் வந்து நின்றது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், அவையும் பார்த்துக்கொண்டே இருந்தது. யூனிகோடில் அடியுங்கள், பிடிஎஃப் ஆக மாற்றுங்கள், மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் மேல் பதினாலு புள்ளி எழுத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த ஜெராக்ஸ் தாள் கையில் இருக்கட்டும். மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும். மலருக்குக் கட்டுரை அனுப்பும்போது மட்டும் அவர்கள் எந்த எழுத்துருவைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். சிலர் இன்னும் வானவில் கேட்கிறார்கள்.

கேள்வி நேரம்

உண்மையில் கருத்தரங்கு என்பதே இந்த ஐந்து நிமிடம்தான். இதற்குப் பயந்துதான் பலர் வேண்டுமென்றே நேரத்தை இழுத்து வாசிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி போல் தொடங்கி இன்னோர் உரையாக நீளும் ஒன்று நிச்சயம் வரும். ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எழுந்து, ‘தம்பி, நீங்கள் பேசியது நன்று. ஆனால் இதையெல்லாம் நம் திருமூலர் அன்றே…’ என்று தொடங்கி நாலு பாட்டுச் சொல்வார். குறுக்கே பேச வேண்டாம். முடிந்ததும், ‘நன்றி ஐயா. அந்தப் பாடல்களைக் குறித்துக்கொள்கிறேன்’ என்று உட்காருங்கள். உண்மையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்; சில நேரம் நல்ல சரக்கு அதில்தான் இருக்கும்.

‘இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?’ என்பது இன்னொன்று. கட்டுரையைச் சரியாகக் கேட்காதவர்கள் கேட்பது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கோபப்படாமல் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

மூன்றாவதுதான் நிஜமான அடி. அந்த மாணவிக்கு விழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியை கேட்டார்: ‘பாலாற்று உதாரணத்தில் மேலே, அடியில் என்று இரண்டு இடம் இருக்கிறது. இடத்தைச் சேர்த்துச் சொன்னால் முரண்பாடே இல்லை, சாதாரணப் பேச்சுதான். அப்படியானால் அநேகாந்தவாதம் புதிதாக என்னம்மா சொல்கிறது?’ அறை அமைதியாகிவிட்டது. அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு, ‘ஒரு நிமிடம் யோசித்துச் சொல்லலாமா மேடம்?’ என்று கேட்டாள். கேள்வியைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னாள். ‘என் உதாரணம் எளிதான பாதிக்குத்தான் பொருந்துகிறது. ஒரே பொருளை நிலையானது என்றும் மாறுவது என்றும் சொல்லும் இடத்துக்கு இந்த உதாரணம் போதாது என்று தோன்றுகிறது மேடம். அதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை’ என்றாள். பேராசிரியை சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இடைவேளையில் அவரே வந்து அவளிடம் என்ன படிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யோசிக்க நேரம் கேட்பதும், கேள்வியைத் திருப்பிச் சொல்வதும், தெரியாத இடத்தில் எந்த இடம் தெரியவில்லை என்று குறிப்பாகச் சொல்வதும் பழகினால் வரும். போகும் முன் வகுப்புத் தோழர்கள் மூன்று பேரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். அதில் ஒருவராவது உங்கள் பாடமே தெரியாதவராக இருக்கட்டும், வேதியியல் படிக்கிற ஹாஸ்டல் நண்பன் போல. அவனுக்குப் புரியவில்லை என்றால் குறை கட்டுரையில்தான்.

சமய நம்பிக்கை தொடர்பான தலைப்பென்றால் ஒன்று கூடுதலாக. யாராவது மனம் புண்பட்டு எழுந்தால் வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ‘நான் கொள்கையைத்தான் எடுத்துக்கொண்டேன் ஐயா, வழிபடுபவர்களை இல்லை’ என்று சொல்லி அமர்வுத் தலைவரைப் பாருங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

திரும்பி வரும்போது

சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் அமர்வில் மற்றவர்கள் வாசிப்பதை முழுக்கக் கேளுங்கள், ஒருவரிடமாவது ஒரு கேள்வி கேளுங்கள். காலி நாற்காலிகளுக்கு வாசிப்பது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து ரயிலில் திரும்பினால் அரக்கோணம் வருவதற்குள், வந்த கேள்விகளை எல்லாம் எழுதி முடித்துவிடுங்கள். காட்பாடியில் இறங்கும்போது பாதி மறந்திருக்கும். மலரில் அச்சாகப் போகும் கட்டுரையைத் திருத்த அவகாசம் கொடுத்திருந்தால் அந்தக் கேள்விகளை உள்ளே கொண்டுவாருங்கள். என் மாணவி பாலாற்றை அப்படியே வைத்துக்கொண்டு, அது எங்கே போதாமல் போகிறது என்று இரண்டு பத்தி சேர்த்தாள். கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் உறைக்குள் போடாமல் உங்கள் பெயர், தலைப்பெழுத்து, கட்டுரைத் தலைப்பு மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே திருத்தி வாங்கிவிடலாம். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.